குன்னூருக்குத் தூங்கப் போனோம்

இந்தாங்க,

நேற்று தீவின் வடகோடியில் இருக்கிற திக்லிபூரிலிருந்து உங்கள் மகள் வந்தாள். நாள் முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்த களைப்பு முகத்தில் அப்படியே இருக்க, வந்ததும் வராததுமாகப் பையைத் திறந்து ஒரு சின்னப் பாட்டிலை என் கையில் திணித்தாள். நீலகிரித் தைலம். அவளும் மாப்பிள்ளையும் அவர் ஆபீஸ் கொடுக்கிற எல்டிசி பயணச் சலுகையில் மெயின்லேண்ட் போய், அப்படியே ஊட்டி, குன்னூர் எல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். எனக்குத் தலைபாரம் என்று எப்போதோ போனில் சொன்னதை ஞாபகம் வைத்து வாங்கி வந்திருக்கிறாள். மூடியைத் திருகினேன். வாசனை மூக்கில் ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தைலத்தின் காரம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நானும் ஆமாம் என்று விட்டுவிட்டேன்.

"நீயும் அப்பாவும்கூட குன்னூர் போனீங்களேம்மா. பார்க் பாத்தியா? டீ பேக்டரி பாத்தியா? மலை ரயில்ல ஏறுனீங்களா?"

"இல்ல."

"அப்ப என்னதான் பாத்தீங்க?"

"குளிரு பாத்தோம்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாள்.

நீங்கள் போய் மூன்று மழைக்காலம் முடிந்துவிட்டது. நமக்குள் கடிதப் போக்குவரத்து என்றைக்கும் இருந்ததில்லை. ஒரே வீட்டில் இருக்கிற மனுஷனுக்கு எதற்குக் கடிதம்? இப்போது எழுத வேண்டியிருக்கிறது. அந்தக் குன்னூர்க் கதையைச் சொன்னால் சிரிக்கிற இடத்தில் சிரித்து, பேசாமல் இருக்கிற இடத்தில் பேசாமல் இருக்க உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

கச்சால் தீவில் இருந்தபோது நீங்கள் எப்படித் தூங்குவீர்கள்! ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற வேலை. வாரம் முழுக்க இருட்டோடு எழுந்து போகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் தூக்கம். அன்றைக்கு இடி விழுந்தாலும் எழமாட்டீர்கள். கும்பகர்ணனுக்குக் கழுத்தை நீட்டிவிட்டேன் என்று நான் புலம்பாத ஞாயிறு கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையும் அப்படித்தான். நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். தரை லேசாக உதறியது. ஓடி வந்து உங்கள் காலைப் பிடித்து இழுத்தேன். "விடு புள்ள, இன்னைக்கு ஞாயித்துக்கெழம தானே" என்று புரண்டு படுத்தீர்கள். அடுத்த நொடி சுவர் பிளந்தது. அப்புறம் கடல் வந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே மேட்டில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தபோது நம் குவாட்டர்ஸ் வரிசையே இல்லை.

நாம் பிழைத்தோம். மகள் அதற்கு முன்பே கல்யாணமாகி திக்லிபூர் போய்விட்டதால் அவளுக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு செல்வம்தான் மேட்டுக்கு வரவில்லை. தனி ஆள், சனிக்கிழமை ராத்திரி குடித்துவிட்டுப் படுத்தவர், எழுப்ப வீட்டில் ஒரு ஜீவன் இல்லை. உங்கள் கூட்டாளி. அதற்குப் பிறகு அவர் பெயரை நீங்கள் ஒருநாளும் எடுத்ததில்லை.

கப்பலில் ஏற்றி இந்தத் தீவுக்குக் கொண்டுவந்து பெரார்கஞ்ச் பக்கம் தகர ஷெல்டரில் போட்டார்கள். அங்கேதான் நம் முறைக்காவல் ஆரம்பித்தது. யார் சொல்லி ஆரம்பித்தோம் என்று ஞாபகம் இல்லை. பாதி ராத்திரி நீங்கள் தூங்குவீர்கள், நான் முழித்திருப்பேன். மீதி ராத்திரி நான் தூங்குவேன், நீங்கள் முழித்திருப்பீர்கள். கூரைக் கம்பியில் ஒரு கயிறு கட்டி, அதில் தேங்காய்ச் சிரட்டையைத் தொங்கவிட்டிருந்தீர்கள். முழித்திருப்பவர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிரட்டை ஆடினால் மற்றவரை எழுப்ப வேண்டும். வாசற்படி ஓரத்தில் ஒரு மூட்டை, அதில் ரேஷன் கார்டு, டார்ச், பிஸ்கட், ஒரு மாற்றுத் துணி. ஷெல்டரில் பாதி வீட்டில் இப்படி மூட்டை இருந்தது. ஆனால் மற்றவர்கள் மெல்ல மெல்லத் தூங்கத் தொடங்கிவிட்டார்கள். நாம் மட்டும் இரண்டு வருஷத்துக்கு மேலாக ஒரே நேரத்தில் கண்ணை மூடவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாம் அப்போது புருஷன் பெண்டாட்டியாகவே இல்லை. ஒரு கேட்டில் ஷிப்டு மாற்றிக்கொள்கிற இரண்டு வாட்ச்மேன்கள். நீங்கள் படுக்கும்போது நான் எழுந்துவிடுவேன். நான் விட்டுப்போன சூட்டில் நீங்கள் படுப்பீர்கள். பகலில் ஒன்றும் இல்லாததற்கெல்லாம் நான் எரிந்து விழுவேன். நீங்கள் பதிலே பேசாமல் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் அந்த மௌனம் இருக்கிறதே, அதற்கு நீங்கள் நாலு அடி அடித்திருக்கலாம்.

பிறகு ஒருநாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னீர்கள்: "ஒரு எடத்துக்குப் போவம் புள்ள. கடல் ஏற முடியாத எடம்."

"எங்க?"

"மலைக்கு. குன்னூரு மாதிரி. சிலோன்ல எங்க அப்பா அம்மா இருந்த தேயிலத் தோட்டம் மாதிரி இருக்குமாம்."

"அங்க போயி?"

பிசைகிற கை நின்றது. "ரெண்டு பேரும் ஒண்ணா தூங்கணும். ஒரு தடவையாவது" என்றீர்கள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தீர்கள்.

"அரே, பாகலா? பைத்தியமா உங்களுக்கு? தூங்கறதுக்கு யாராவது கப்பல் ஏறிப் போவாங்களா?" என்று நான் கத்தினேன். கத்தியது வாய்தான். உள்ளே எனக்கு என்னவோ செய்தது. கல்யாணமான புதிதில்கூட நீங்கள் என்னை எங்கேயும் கூப்பிட்டதில்லை.

நம் தீவுக்காரர்கள் மெயின்லேண்ட் போவது என்றால் சொந்தக்காரர் வீட்டுக்குத்தான். கல்யாணம், காதுகுத்து, மொட்டை, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி. சும்மா இரண்டு பேர் கைகோர்த்துக்கொண்டு மலைக்குப் போகிறோம் என்று சொன்னால் ஷெல்டர் முழுக்கச் சிரிக்கும். அதனால் நீங்கள் ஒரு பொய் சொன்னீர்கள். உங்கள் அக்கா மகளுக்குச் சடங்கு. உங்களுக்கு அக்காவே கிடையாது! அடுத்த தடுப்பில் இருந்த பெங்காலிக்காரி ஷெபாலி, பாவம், அந்தப் பெண்ணுக்குக் கொடுங்கள் என்று ஒரு ரவிக்கைத் துணி வாங்கி வந்து என் கையில் வைத்தாள். பிறக்காத பெண்ணுக்கு வந்த சீர். அதை என்ன செய்வது என்று கப்பலில் போகும்போதெல்லாம் எனக்கு அதே கவலை.

அந்தக் கப்பல் பயணத்தையும் சொல்ல வேண்டும். கடலுக்குப் பயந்து ஓடுகிறவர்கள் கடல் மேலேயே ஏறிப் போனோம். அடுக்குப் படுக்கை போட்ட பங்க் கிளாஸில் சுற்றிலும் ஆட்கள் குறட்டை விட, நாம் இரண்டு பேர் மட்டும் அங்கேயும் முறை வைத்து உட்கார்ந்திருந்தோம். சென்னையில் இறங்கி, ரயில் பிடித்து, மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினோம். பஸ் ஒவ்வொரு வளைவாக ஏற ஏற நீங்கள் ஜன்னல் பக்கம் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தீர்கள். "இன்னும் ஏறட்டும், இன்னும் ஏறட்டும்" என்று வாய்க்குள் முணுமுணுத்தீர்கள். நான் முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் ஏறட்டும் என்றுதான் இருந்தது.

லாட்ஜ்காரரை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்புதான். குரங்குக் குல்லாயும் மப்ளருமாக நல்ல மனுஷர். பள்ளத்தாக்கைப் பார்த்த அறையாகக் கொடுத்தார். நீங்கள் அவரிடம் முதலில் கேட்ட கேள்வி, "இதவிட ஒசரமான எடத்துக்குப் போக எது வழிங்க?" அவர் திருதிருவென்று விழித்து, "எதுக்கு சார்?" என்றார். "சும்மா தெரிஞ்சு வச்சுக்கத்தான்." அதோடு விட்டீர்களா? அரைமணி கழித்துக் கீழே போய், "ஒரு கயிறு கெடைக்குமா? பேன் கொக்கியில கட்டணும்" என்று கேட்டிருக்கிறீர்கள். சிரட்டை இல்லாததால் அறையில் இருந்த தம்ளரைத் தொங்கவிடலாம் என்று உங்கள் யோசனை. அவருக்கு அது எப்படித் தெரியும்? நடுவயசு ஜோடி, பெட்டி படுக்கை அதிகம் இல்லை, முகத்தில் தூக்கமே இல்லை, உயரமான இடம் எது என்கிறார்கள், கயிறு கேட்கிறார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை என்று நீங்களே வந்து சொன்னீர்கள். ஏன் என்று உங்களுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. கயிறு இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

கயிறு இல்லாமலே அன்றைக்கும் முறை வைத்தோம். மலைக்கு வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. உடம்புக்குத் தெரியுமா மேடும் பள்ளமும்?

விடிகிற நேரம் என் முறை. நீங்கள் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தீர்கள். வெளிச்சம் வருகிறதா பார்க்கலாம் என்று திரைச்சீலையை விலக்கினேன். பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக நிரம்பியிருந்தது. நேற்று பார்த்த வீடுகள் இல்லை, ரோடு இல்லை, மரங்களின் தலை மட்டும் நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தலைகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. அது ஏறி வந்துகொண்டிருந்தது. தீவில் பிறந்து தீவில் வளர்ந்தவள் நான். வெள்ளையாக, சத்தமில்லாமல், மேலே ஏறி வருகிற ஒன்றே ஒன்றைத்தான் எனக்குத் தெரியும். உங்கள் காலைப் பிடித்து இழுத்தேன்.

"எந்திரிங்க! தண்ணி!"

இந்தத் தடவை நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூட்டை ஒரு கையில், என் கை ஒரு கையில். செருப்பு இல்லை. நான் நைட்டியோடு, நீங்கள் லுங்கியோடு. லாட்ஜ்காரர் "சார், சார்" என்று பின்னால் கூவியது காதில் விழுந்தும் நிற்கவில்லை. மேட்டு ரோட்டில் ஓடினோம். எதிரே ஒரு பொம்பளை, என் வயசுதான் இருக்கும், தலையில் கூடையோடு கொழுந்து பறிக்க இறங்கி வந்துகொண்டிருந்தாள். நீங்கள் என் கையை விட்டீர்கள். மூட்டையை என் மேல் போட்டுவிட்டு அவள் கையை எட்டிப் பிடித்தீர்கள்.

"ஏறும்மா, ஏறு! கீழ போவாத! தண்ணி வருது!"

யாரென்று தெரியாதவள். அவளும் பயந்துபோய் கூடையைக் கீழே போட்டுவிட்டு நம்மோடு கொஞ்ச தூரம் ஓடி வந்தாளே! அதற்குள் அந்த வெள்ளை நம்மைப் பிடித்துவிட்டது. முகத்தில் பட்டது. சில்லென்று, ஈரமாக, கனமே இல்லாமல் நம்மைத் தாண்டிப் போனது. நீங்கள் நின்றீர்கள். கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்து விரித்து மூடினீர்கள். சிறுவயதில் தாய் தகப்பனோடு கப்பல் ஏறும் வரைக்கும் சிலோன் மலையில் நீங்கள் தினமும் பார்த்த ஒன்று அது.

"பனி" என்றீர்கள். "அடியே, இது பனி புள்ள."

அந்தப் பொம்பளை இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள். "பனிதாங்க. இத பாத்தா என்னையும் சேத்து இழுத்துக்கிட்டு ஓடுனீங்க?" என்றவள், உங்களை ஒருமாதிரி உற்றுப் பார்த்தாள். "நம்ம ஊருப் பேச்சா இருக்கே. சிலோன்ல எந்தத் தோட்டம்?"

"ஹட்டன் பக்கம்" என்று சொல்லிவிட்டு நீங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள். அப்பப்பா, என்ன சிரிப்பு! ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து, லுங்கியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தீர்கள். எனக்கு அசடு வழிந்தது. கோபமும் வந்தது. பிறகுதான் கவனித்தேன், சிரிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது. நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள். அத்தனை நாளில் முதல் தடவை.

"செல்வம் வீட்டுக் கதவ ஒரு தட்டு தட்டியிருக்கலாம் புள்ள. ஓடுற வழிலதானே இருந்திச்சு. ஒரு தட்டு."

இரண்டு வருஷமாகச் சிரட்டையைப் பார்த்துக்கொண்டு நீங்கள் எதற்காக முழித்திருந்தீர்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடலுக்குப் பயந்து என்று நினைத்திருந்தேன். யாரையும் இனிமேல் எழுப்பாமல் விட்டுவிடக் கூடாது என்று உட்கார்ந்திருந்தீர்கள்.

செல்வம் யார் என்று அந்தப் பொம்பளை கேட்டாள். நான் சொன்னேன், சுனாமியில் போனவர் என்று. அவள் உங்கள் எதிரே குந்தி உட்கார்ந்து, "அன்னைக்கு ஒங்களுக்குத் தோணல. தோணியிருந்தா தட்டியிருப்பீங்க. இப்ப என் கையப் புடிச்சு இழுத்தீங்களே, நான் யாருன்னு தெரிஞ்சா இழுத்தீங்க?" என்றாள். கையைத் தூக்கிக் காட்டினாள். நீங்கள் பிடித்த இடம் சிவந்திருந்தது. "எந்திரிங்க, டீ குடிப்போம்."

அவள் பெயரைக்கூட நாம் கேட்கவில்லை. அவள் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தோம். எனக்குத் திடீரென்று ஞாபகம் வந்து, மூட்டையிலிருந்து ஷெபாலி தந்த ரவிக்கைத் துணியை எடுத்து அவள் கையில் வைத்தேன். "சொந்தக்காரங்களுக்குக் குடுக்கச் சொன்னாங்க" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். எங்கிருக்கிறாளோ, அவள் நன்றாக இருக்க வேண்டும்.

அறைக்குத் திரும்பும்போது பனி கலைந்து வெயில் வந்துவிட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தோம். "இப்ப யாரு முறை?" என்று கேட்டீர்கள். "உங்க முறை" என்றேன், பழக்க தோஷத்தில். நீங்கள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினீர்கள்.

"இன்னைக்கு யாருக்கும் முறை இல்ல புள்ள. படு."

படுத்தேன். நீங்களும் படுத்தீர்கள். ஐஸ் மாதிரி இருந்த உங்கள் பாதத்தை என் கால் மேல் வைத்தீர்கள். "எடுங்க, எடுங்க" என்று திட்டினேன். நீங்கள் எடுக்கவில்லை, நானும் நகரவில்லை. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் முதலில் தூங்கினீர்களா, நான் முதலில் தூங்கினேனா என்பதுகூடத் தெரியாது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

கதவை உடைக்கிற மாதிரி யாரோ தட்டித்தான் முழிப்பு வந்தது. சாயங்காலம் ஆகியிருந்தது. நீங்கள் கதவைத் திறந்தால் லாட்ஜ்காரர், அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், ஒருவர் கையில் கடப்பாரை! உங்களைப் பார்த்ததும் அவர் குல்லாயைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காலைலேருந்து சத்தமே இல்ல சார். நேத்து கயிறு வேற கேட்டீங்களா... போலீஸைக் கூப்பிட இருந்தேன்."

"தூங்கிட்டோம்ங்க" என்றீர்கள் நீங்கள்.

"ரெண்டு பேருமா?"

"ஆமாங்க. ரெண்டு பேருமே." நீங்கள் அதைச் சொன்ன பெருமையைப் பார்க்க வேண்டும்! ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி. கயிறு எதற்கு என்று விளக்கிச் சொன்னீர்கள். ராத்திரிக்கு அந்த மனுஷர் தன் வீட்டிலிருந்தே சுடச்சுட ரசமும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மிச்ச நாளும் தூங்கினோம். தூங்கினோம், எழுந்து டீ குடித்தோம், பேசினோம், மறுபடி தூங்கினோம். செல்வத்தைப் பற்றி நீங்கள் நிறையப் பேசினீர்கள், அவர் பண்ணிய கூத்துகளைச் சொல்லிச் சிரித்தீர்கள். ஒரு டாக்ஸிக்காரர், ஊட்டி ஏரிக்குக் கூட்டிப் போய்ப் படகில் ஏற்றுகிறேன் என்று வாசலிலேயே நின்றார். "அண்ணே, தண்ணியே வேண்டாம்னுதான் இவ்ளோ தூரம் வந்திருக்கோம்" என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த அறையில் நாம் மறுபடி புருஷன் பெண்டாட்டி ஆனோம். இதற்கு மேல் எழுதமாட்டேன், மகள் வீட்டில் இருக்கிறாள்.

ஷெல்டருக்குத் திரும்பியதும் ஷெபாலி ஓடி வந்து, "தீதி, க்யா க்யா தேக்கா?" என்று கேட்டாள், அக்கா, என்னென்ன பார்த்தீர்கள் என்று. நீங்கள் முந்திக்கொண்டு, "குச் நஹீ தேக்கா. சோயா" என்றீர்கள். ஒன்றும் பார்க்கவில்லை, தூங்கினோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் எனக்கு மானம் போயிற்று. சடங்கு வீட்டுக்குப் போனவர்கள் சொல்கிற பதிலா அது?

முறைக்காவல் அதோடு போயிற்று. தரை ஆடாமல் இல்லை. நம் ஊரில் அது ஆடிக்கொண்டுதான் இருக்கும். ஆடினால் இரண்டு பேருமே எழுந்துகொள்வோம், நின்றதும் இரண்டு பேருமே படுத்துக்கொள்வோம். பிறகு மேட்டில் இந்த வீடு கிடைத்தது. இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் பழைய கும்பகர்ணன் ஆனீர்கள். நானும் பழையபடி புலம்பினேன். நல்ல வருஷங்கள் அவை.

அப்படி ஒரு விடியலில்தான் நான் காபி போட எழுந்து, உங்கள் காலை ஆட்டி எழுப்பினேன். நீங்கள் எழவில்லை. ராத்திரியிலேயே போய்விட்டீர்கள் என்றார் டாக்டர். திக்லிபூரிலிருந்து வந்து சேர்ந்ததும் மகள் என் தோளைப் பிடித்து உலுக்கி, "பக்கத்துலதானம்மா படுத்திருந்த? உனக்குத் தெரியவே இல்லையா?" என்று கேட்டாள். கூடியிருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவள் குத்திக் கேட்கவில்லை. அப்பாவைப் பறிகொடுத்தவள் வாயில் வந்ததைக் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

உங்களிடம் சொல்கிறேன். தெரியவில்லைங்க. நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். நீங்களும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். கண் மூட முடியாமல் கிடந்த மனுஷன், யாரும் காவல் இல்லாத ராத்திரியில், பெண்டாட்டி பக்கத்தில், தூக்கத்திலேயே போனீர்கள். இப்படி ஒரு ராத்திரி வேண்டும் என்றுதானே கடல் தாண்டி மலைக்குப் போனோம். முதலில் நெஞ்சு வெடித்துவிடும் போல அழுதேன். இப்போது அதை நினைத்து அழுவதில்லை. அப்படிப் போகக் கொடுத்து வைத்தவர் நீங்கள், அப்படி உங்கள் பக்கத்தில் கிடக்கக் கொடுத்து வைத்தவள் நான்.

நேற்று ராத்திரி மகள் எனக்குத் துணையாகப் படுத்தாள். விடிந்ததும் தலைவிரி கோலமாக எழுந்து உட்கார்ந்து என்னை முறைத்தாள்.

"ராத்திரி வீடே ஆடுச்சும்மா. நான் எந்திரிச்சு உக்காந்துட்டேன். நீ என்னடான்னா கொறட்டை விட்டுத் தூங்குற. தனியா இருக்கறவ, எப்படிம்மா உனக்கு இப்படித் தூக்கம் வருது?"

"உங்கப்பா வாங்கிக் குடுத்த தூக்கம்டி அது" என்றேன்.